பெயர் வந்தது, ஆட்டம் வரவில்லை

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டுள்ள விஷயத்தைக் கண்டதும் சங்கத்துப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். பொங்கல் விழாவும் பள்ளித் தேர்வும் ஊருக்குப் போகும் ரயிலும் பேசப்படும் இடத்தில், தொலைக்காட்சிப் பெட்டியில் ஆடும் துப்பாக்கி விளையாட்டுக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஒரு குடும்பத்தில் பதினைந்து ஆண்டுகள் இருந்து பழகிய பொருள் எதுவாயினும், அது அக்குடும்பத்தின் வரலாற்றில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அந்த மரியாதை உண்டென்றால், ‘கான்ட்ரா’ என்னும் விளையாட்டுக்கும் ஓரளவு உண்டு என்பது நம் கட்சி.

டில்லியில் 1990-களில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இராமகிருஷ்ணபுரத்துச் சர்க்கார் குடியிருப்புகளிலும், லோதி காலனியிலும், சரோஜினி நகரிலும், கரோல்பாக் மாடி வீடுகளிலும் அன்று பாயில் அமர்ந்து இதை ஆடியவர்கள் இன்று நாற்பது வயதைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாய் தந்தையர். அவர்களுடைய பிள்ளைகள் இன்று கைப்பேசியில் ஆடுகிறார்கள். தாம் ஆடியதைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்னும் ஆசை அவர்களுக்கு இயல்பாக எழுகிறது. அந்த ஆசையை நம்பித்தான் பழைய விளையாட்டுகளுக்குப் புதிய உடை தைத்துக் கடைக்கு அனுப்புகிறார்கள். அப்படி வந்த ஒன்று எப்படி ஏமாற்றமாய் முடிந்தது என்பதும், அதிலிருந்து நாம் அறிந்துகொள்ளத் தக்கது என்ன என்பதும்தான் இன்றைய பேச்சு.

முதலில் பழைய கதை. கான்ட்ராவை உருவாக்கியது ஜப்பான் நாட்டுக் கோனாமி என்னும் கம்பெனி. 1987-ஆம் ஆண்டில் அது காசு போட்டு ஆடும் பெரிய பெட்டியாக விளையாட்டுக் கூடங்களில் வந்தது. 1988-இல் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் நின்டெண்டோ இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றி வெளியிட்டார்கள். நம் நாட்டு மத்தியதர வீடுகளுக்கு அந்த அசல் இயந்திரம் எட்டியது அரிது. அதன் நகல்கள்தாம் வந்தன. ‘மீடியா’, ‘டெர்மினேட்டர்’, ‘லிட்டில் மாஸ்டர்’ என்று பல பெயர்களில் அவை விற்பனையாயின. கன்னாட் பிளேஸில் பூமிக்கு அடியில் அமைந்த பாலிகா பஜாரிலும், செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜபதி ராய் மார்க்கெட்டிலும் பேரம் பேசி வாங்கி, கோடை விடுமுறைக்குச் சற்று முன்பாக வீட்டுக்குக் கொண்டுவந்த தந்தையர் எத்தனையோ பேர்.

இயந்திரத்துடன் ஒரு கேசட்டும் கிடைக்கும். அதன் மேல் 9,999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். செருகிப் பார்த்தால் உண்மையில் இருப்பவை சில ஆட்டங்களே; அவையே வெவ்வேறு பெயரிலும் வெவ்வேறு கட்டத்திலும் தொடங்கிப் பட்டியலை நிரப்பும். ஆயினும் எவரும் பெரிதாக மனம் கசந்ததில்லை. காரணம், அந்தச் சிலவற்றுள் கான்ட்ரா இருந்தது. அது ஒன்று இருந்தால் மற்றவை இல்லாவிட்டாலும் குறைவில்லை என்பது அக்காலத்துப் பிள்ளைகளின் ஒருமித்த தீர்ப்பு.

அப்படி என்ன இருந்தது அதில்? கதை என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. வேற்றுக் கிரகத்துப் பகைவர்கள் ஒரு தீவில் இறங்கிவிட்டார்கள். பில், லான்ஸ் என்னும் இரு வீரர்கள் அவர்களை அழிக்கப் புறப்படுகிறார்கள். காட்டில் தொடங்கி, எதிரிகளின் பாசறை, நீர்வீழ்ச்சி, பனிவெளி, தொழிற்கூடம் என்று கடந்து, கடைசியில் பகைவனின் குகைக்குள் துடித்துக்கொண்டிருக்கும் ஓர் இதயத்தைத் தகர்ப்பதோடு ஆட்டம் முடிவுறும். மொத்தம் எட்டுக் கட்டங்கள். கை தேர்ந்தவர்கள் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். வீட்டு இயந்திரத்துக்கு வந்த விளையாட்டு முழுவதும் 128 கிலோபைட் இடத்துக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கு அதைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும். அவ்வளவு சிறிய பாத்திரத்தில் எவ்வளவு சமைத்திருக்கிறார்கள் என்று எண்ணினால் வியப்பே உண்டாகிறது.

ஆட்டத்தின் சட்டங்கள் சிலவே, அவையும் தெளிவானவை. ஆடுபவருக்கு மூன்று உயிர்கள். ஒரு குண்டு பட்டாலும் ஓர் உயிர் போய்விடும். பாதி அடி, கால் அடி என்னும் சலுகைகள் கிடையா. எதிரியின் குண்டு கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாகத்தான் வரும். குனிந்தோ குதித்தோ தப்பிக்கலாம். ஆகவே இறந்தவன் விதியை நோகமாட்டான். தன் அவசரத்தைத்தான் நொந்துகொள்வான். கடுமையான வாத்தியாராயினும் ஓரவஞ்சனை இல்லாதவரிடம் பிள்ளைகளுக்கு ஒரு பக்தி உண்டல்லவா? அந்தப் பக்தியைத்தான் இந்த விளையாட்டும் சம்பாதித்தது.

ஆயுதங்கள் விஷயத்திலும் அப்படியே. வானில் மிதந்து வரும் சிமிழைச் சுட்டால் ஓர் எழுத்து கீழே விழும். ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு துப்பாக்கி. அவற்றுள் ‘எஸ்’ என்பதே ராஜா. ஒரே சமயத்தில் ஐந்து குண்டுகள் விசிறிபோல் விரிந்து பாயும். அடிபட்டு உயிர் போனால் அந்தத் துப்பாக்கியும் போகும். மறுபடி சாதாரணத் துப்பாக்கிதான். இருவர் ஆடும்போது விழுவதோ ஓர் எழுத்து. அதை யார் எடுப்பது? “போன தடவை நீ எடுத்தாய், இந்தத் தடவை நான்” என்ற வழக்கு ஒவ்வொரு வீட்டிலும் நடந்தது. முடிவில், தம்பியிடம் சாதாரணத் துப்பாக்கி இருக்கிறதே என்று அண்ணன் ஒதுங்கி நின்று, “நீயே எடுத்துக்கொள்” என்று சொன்ன நாள்களும் உண்டு. நீதிநூல் எதுவும் கற்பிக்காமலே ஒரு நீதி அங்கே நடந்தேறியது.

எல்லாவற்றிலும் மேலானது மூன்றாம் கட்டமாகிய நீர்வீழ்ச்சி. அங்கே வீரர்கள் பாறைக்குப் பாறை தாவி மேலே ஏறவேண்டும். ஒருவன் ஏற ஏறத் திரையும் அவனோடு மேலே நகரும். பின்தங்கியவன் திரையின் கீழ் விளிம்புக்கு வெளியே அகப்பட்டால் அவன் உயிர் போய்விடும். அதாவது, எதிரி சுடவேண்டியதில்லை; முன்னே போகும் தோழனின் அவசரமே பின்னால் வருபவனுக்கு எமனாகும். அந்தக் கட்டத்தைத் தாண்ட ஒரே வழி, தான் ஏறுவதற்கு முன் மற்றவன் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பது. “இரு, வருகிறேன்” என்று ஒருவன் சொல்ல, மற்றவன் நிற்கவேண்டும். நிற்காதவனோடு அடுத்த நாள் யாரும் ஆட வரமாட்டார்கள். இந்த ஒரு கட்டத்துக்காகவே கான்ட்ராவை நினைத்துப் பார்க்கும் அன்பர்கள் உளர்.

டில்லிக்கு வந்த நம் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. உத்தியோக மாற்றத்தில் தமிழ்நாட்டிலிருந்து நேரே இங்கு வந்திறங்கிய பத்து வயதுப் பிள்ளைக்கு ஹிந்தி வராது. பள்ளியில் வாய் திறக்க அச்சம். தெருவில் கிரிக்கெட் ஆடப் போனால் கேலி. ஆனால் இந்த விளையாட்டுக்கு மொழி தேவையில்லை. பக்கத்துக் குடியிருப்புப் பஞ்சாபிப் பையனும், மாடி வீட்டு வங்காளிப் பையனும், நம் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரலாம். ‘ரூக்கோ’ என்ற சொல்லும் ‘ஊப்பர்’ என்ற சொல்லும் இலக்கணப் புத்தகத்திலிருந்து அல்ல, அந்த நீர்வீழ்ச்சியிலிருந்தே கற்றோம் என்று சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்நியமான ஊரில் முதல் தோழனைத் தேடிக் கொடுத்த பொருளை மனிதன் மறப்பதில்லை.

அந்த விளையாட்டின் இரகசிய மந்திரத்தையும் இங்கே சொல்லிவிடவேண்டும். தொடக்கத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்ற வரிசையில் பொத்தான்களை அழுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினால் மூன்று உயிர்கள் முப்பதாகும். இதைக் கண்டுபிடித்தவர் கோனாமியில் பணியாற்றிய கஸுஹிஸா ஹஷிமோட்டோ. 1986-இல் ‘கிரேடியஸ்’ என்னும் வேறொரு விளையாட்டைச் செய்து முடித்தபோது, சோதித்துப் பார்ப்பதற்கு அது மிகவும் கடினமாக இருந்ததால், தம் வசதிக்காக இந்த வரிசையை அவர் உள்ளே வைத்தார். எடுக்காமலே அது வெளியாகிவிட்டது. ஹஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார். அவர் பெயரை அறியாத கோடிக் கணக்கான விரல்கள் அவர் அமைத்த வரிசையை மட்டும் அறிந்திருந்தன. டில்லிக்கு அது எந்த அச்சுப் புத்தகத்தின் மூலமும் வந்ததாகத் தெரியவில்லை. வாய்மொழியாகவே, ஒரு பள்ளிப் பேருந்திலிருந்து இன்னொரு பள்ளிப் பேருந்துக்குப் பரவியது. விடுமுறையில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போன பிள்ளைகள் அதைத் தஞ்சாவூருக்கும் திருநெல்வேலிக்கும் கொண்டு சேர்த்தார்கள்.

இனி ஏமாற்றத்துக்கு வருவோம். 2019 ஜூன் மாதத்தில், ‘கான்ட்ரா: ரோக் கோர்ப்ஸ்’ என்ற பெயரில் புதிய விளையாட்டு வரப்போகிறது என்று கோனாமி அறிவித்தது. பழைய அன்பர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. அதை முன்னின்று நடத்தியவர் நொபுயா நகஸாட்டோ. 1992-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற மூன்றாம் கான்ட்ராவை இயக்கியவர் அவரே. வேற்றார் கையில் விழவில்லை, வீட்டுக்காரரே வந்து விளக்கேற்றுகிறார் என்று எண்ண இடமிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் விளையாட்டு வெளியாயிற்று. விமர்சகர்களில் பலர் அதற்குப் பாதி மதிப்பெண்கூடத் தர மனமின்றி ஒதுக்கினார்கள். அவர்கள் கூறிய குறைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தால், சினத்தைவிட வருத்தமே மிகுதியாகிறது.

முதற்குறை பார்வை. பழைய ஆட்டத்தில் பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து பார்ப்போம். குண்டு எங்கிருந்து வருகிறது, எந்தப் பாறையில் கால் வைக்கலாம் என்பது பளிச்சென்று தெரியும். புதிய ஆட்டத்தில் பெரும்பாலும் உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கவேண்டும். வீரர்கள் எறும்பளவு, சுற்றிலும் புகையும் நெருப்பும். எது எதிரி, எது குண்டு, எது வெறும் அலங்காரம் என்று பிரித்தறியவே கண் திணறுகிறது. தான் எப்படி இறந்தோம் என்று ஆடுபவனுக்கே தெரியாத இடத்தில் நியாயம் எங்கிருந்து வரும்? தவறு எதுவென்று தெரிந்தால்தானே திருத்திக்கொள்ள முடியும்?

இரண்டாவது, துப்பாக்கி சூடேறுவது. கான்ட்ராவின் உயிர்நாடியே இடைவிடாமல் சுடுவது. புதியதில் தொடர்ந்து சுட்டால் துப்பாக்கி கொதித்துப்போய் நின்றுவிடும்; அது ஆறும் வரையில் வீரன் ஓடி ஒளியவேண்டும். மழையில் நனையாமல் குளிக்கச் சொன்னதுபோல் ஆயிற்று. மூன்றாவது, சாமான் சேர்ப்பது. ஒவ்வொரு பணிக்கும் பிறகு பாசறைக்குத் திரும்பி, துப்பாக்கியில் உதிரிகளைப் பொருத்தவேண்டும். வீரனுடைய உடலுறுப்புகளையே அறுவை செய்து மாற்றவேண்டும். அதற்கு வேண்டிய பொருள்களைச் சேர்க்க முன்பு போன இடங்களுக்கே மறுபடி மறுபடி போகவேண்டும். அரை மணியில் முடிந்து ஆயிரம் தடவை ஆடத் தூண்டிய விளையாட்டு, கடைக் கணக்கு எழுதும் வேலையாக மாறிவிட்டது.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது நான்காவது. கதைப் பகுதியைப் பிறருடன் சேர்ந்து ஆடவேண்டுமானால் இணையத்தின் வழியேதான் ஆடவேண்டும். ஒரே அறையில், ஒரே திரைக்கு முன் சேர்ந்து ஆடுவதற்கு வேறு சில சிறு பணிகளை மட்டும் தனியே ஒதுக்கி வைத்தார்கள். அண்ணனும் தம்பியும் அருகருகே அமர்ந்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை கூடவே செல்லும் அந்தப் பயணம் அதில் இல்லை. பெயர்ப் பலகையில் ‘கான்ட்ரா’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே பாய் விரிக்க இடமில்லை.

‘இது வயதானவர்களின் புலம்பல், தம் இளமைக் காலத்தில் உண்ட கத்தரிக்காய்க்குத்தான் ருசி உண்டு என்பார்கள்’ என்று இளைஞர்கள் கூறலாம். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிடக் கூடாது. நாவில் உள்ள ருசி எவ்வளவு, நினைவில் உள்ள ருசி எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினமே. நல்ல வேளையாக, இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழியை அந்தக் கம்பெனியே செய்து கொடுத்தது. புதியதை அறிவித்த அதே 2019 ஜூனில், பழைய கான்ட்ரா ஆட்டங்களை ஒன்று திரட்டிப் பெரிய மாற்றமின்றி ஒரு தொகுப்பாகவும் வெளியிட்டது. 1987-இன் ஆட்டமும் 2019-இன் ஆட்டமும் ஒரே இயந்திரத்தில், ஒரே திரையில் ஆடக் கிடைத்தன. வேண்டுபவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழைய நினைவு ஏதும் இல்லாத பத்து வயதுக் குழந்தையின் கையில் கொடுத்துப் பார்க்கலாம். நாமும் அதைச் செய்து பார்த்தோம். பழையதில் மூன்று உயிரும் போனதும் அந்தக் குழந்தை “இன்னொரு தடவை” என்றது, புதியதில் பாசறைக்கு வந்ததும் “இப்போது என்ன செய்யவேண்டும்?” என்று கேட்டது. ஒரு குழந்தையின் சொல்லை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆயினும் நினைவின் மயக்கம் மட்டுமே காரணம் என்பதும் நிற்கவில்லை.

இத்தகைய ஏமாற்றம் கான்ட்ராவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்க நாட்டில் ‘டியூக் நியூகெம்’ என்னும் துப்பாக்கி விளையாட்டு 1996-இல் பெரும் புகழ் பெற்றது. அடுத்த பகுதி வருகிறது என்று 1997-இல் அறிவித்தார்கள். அது வந்து சேர்ந்தது 2011-இல். பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஆறிப்போன பலகாரம். புதிதாக மற்றவர்கள் கண்டுபிடித்த முறைகளையெல்லாம் இடையிடையே ஒட்டவைத்து, தன் பழைய துள்ளலையும் இழந்து நின்றது அது. ஊரெல்லாம் செய்கிறார்களே என்று நாமும் செய்வது, நமக்கென்று இருந்ததையும் கைவிடுவதில்தான் பல வேளைகளில் முடிகிறது.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணத்தை நம் நகரத்திலேயே கண்டோம். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி, மத்திய சர்க்கார் 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. இளைஞர்களின் கையில் ஓயாமல் சுழன்றுகொண்டிருந்த ‘பப்ஜி’யும் அவற்றுள் ஒன்று. டில்லிக் காரியாலயம் ஒன்றிலிருந்து புறப்பட்ட அந்த ஆணையால் பல வீடுகளில் அன்றிரவு பெற்றோர் மகிழ்ந்தனர். பிள்ளைகள் உண்ணாமல் படுத்தனர். 2021 ஜூலை 2-ஆம் தேதி, தென்கொரிய நாட்டுக் கிராஃப்டன் கம்பெனி அதை ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் மறுபடி கொண்டுவந்தது. பெயர் மாறியது, சிந்தும் இரத்தத்தின் நிறம் மாறியது, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே ஆடலாம் என்ற கட்டுப்பாடும் வந்தது. ஆனால் ஆட்டம் மாறவில்லை. நூறு பேர் குதிப்பதும், தோழர்கள் நால்வர் ஒருவரையொருவர் காப்பதும் அப்படியே இருந்தன. இளைஞர்கள் ஒரு கணமும் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்கள். 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பி வந்தபோதும் அவ்வாறே நடந்தது.

இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பாருங்கள். ஒன்றில் பெயர் நின்றது, ஆட்டம் போயிற்று, மக்கள் ஒதுக்கினார்கள். மற்றொன்றில் பெயர் போயிற்று, ஆட்டம் நின்றது, மக்கள் தழுவிக்கொண்டார்கள். ஆகவே மக்கள் பற்று வைத்திருப்பது பெயர்மேல் அன்று என்பது தெளிவாகிறது. பெயர் விலாசம் மட்டுமே. விலாசத்தைத் தேடிப் போவது அங்கே குடியிருப்பவரைக் காண்பதற்காக. குடியிருந்தவர் போய்விட்ட வீட்டில் விலாசப் பலகை மட்டும் மின்னினால் வந்தவர் திரும்பிப் போவார்.

அப்படியானால் பழையதைப் புதுப்பிக்கவே கூடாதோ? அப்படிச் சொல்வதும் பிழை. அமெரிக்காவிலுள்ள வேஃபார்வர்ட் என்னும் சிறிய நிறுவனம் 2007-இல் நான்காம் கான்ட்ராவைச் செய்து கொடுத்தது. அதே நிறுவனம் 2024 மார்ச் மாதத்தில் ‘கான்ட்ரா: ஆபரேஷன் கலூகா’ என்ற பெயரில் முதல் ஆட்டத்தின் கதையையே மறுபடி எடுத்தது. பக்கவாட்டுப் பார்வை திரும்பியது. இருவர் அருகருகே அமர்ந்து கதை முழுவதையும் ஆடலாம். ஒரே குண்டில் இறக்கும் பழைய கடுமை வேண்டுபவர்களுக்கு அது உண்டு. சற்றுத் தாங்கும் சக்தி வேண்டுபவர்களுக்கு அதுவும் உண்டு. குறையே இல்லாத ஆட்டம் என்று சொல்லமாட்டோம். வசனம் நீளம், காட்சிகளில் பழைய அழகு குறைவு. ஆனாலும் பழைய வீட்டில் புது விளக்குப் போட்டது போல் இருந்ததே தவிர, வீட்டை இடித்ததுபோல் இல்லை.

இங்கேதான் நம் கவனத்துக்குரிய செய்தி இருக்கிறது. 2019-இல் தவறவிட்டவர், அந்த விளையாட்டைப் பண்டு நடத்திய மூலவரே. 2007-இலும் 2024-இலும் அதன் போக்கை அறிந்து செய்தவர்களோ கடல் கடந்த நாட்டினர். ஆக, பிறந்த இடத்துப் பாத்தியதை ஒன்றே மரபைக் காத்துவிடாது. எது உயிர், எது உடை என்று கண்டுகொண்டவர் எங்கே பிறந்திருந்தாலும் அதைக் காப்பார். கண்டுகொள்ளாதவர் அதன் வாயிற்படியிலேயே பிறந்திருந்தாலும் இழப்பார்.

ஊரை விட்டு வந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குடித்தனம் நடத்தும் நமக்கு இது அந்நியமான பேச்சா? டில்லியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளின் தமிழில் ஹிந்தியின் ஓசை கலந்திருக்கிறது என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் குறை கூறுகிறார்கள். இருக்கலாம். ஆனால் விடியற்காலைக் குளிரில் எழுந்து, குக்கரில் பொங்கல் வைத்து, அதை மூன்று மாடி இறங்கிப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்து வரும் பிள்ளைக்குப் பொங்கலின் உயிர் அகப்பட்டுவிட்டது. மண்பானையும் கரும்புத் தோரணமும் மேடையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் இருப்பவர் யாரென்று கேளாமல் வீடு திரும்பினால், பெயர் வந்தது, ஆட்டம் வரவில்லை என்றே சொல்லவேண்டும். விழா நடத்துவோரும் நாடகம் போடுவோரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இதைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நல்லது: நாம் எடுத்து வைப்பது பானையையா, பகிர்வையா?

துப்பாக்கி விளையாட்டைப் புகழ்ந்து எழுதுவது தகுமா என்று தாய்மார்கள் கேட்கலாம். கவலை வீணானதன்று. நம் கருத்து இதுதான்: குழந்தை எதைச் சுடுகிறது என்பதைக் கவனிப்பது போலவே, யாரோடு அமர்ந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் அறியாதவர்களோடு நள்ளிரவுவரை ஆடும் ஆட்டம் ஒன்று. கூடத்தில், பாட்டி காய் நறுக்கிக்கொண்டு பார்த்திருக்க, இருவர் தோளோடு தோள் உரசி ஆடும் ஆட்டம் மற்றொன்று. இரண்டுக்கும் ‘வீடியோ கேம்’ என்றுதான் பெயர். அரை மணியில் முடிந்து, எழுந்து போய்ச் சாப்பிடச் சொல்லும் ஆட்டத்துக்கும், முடிவே இல்லாமல் ‘இன்னும் கொஞ்சம் சேர்’ என்று இழுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். பணம் செலவழிப்பதற்கு முன் கடைக்காரரிடமோ விவரக் குறிப்பிலோ ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: ஒரே அறையில் இருவர் சேர்ந்து, தொடக்கம் முதல் முடிவுவரை இதை ஆட முடியுமா? அந்த ஒரு கேள்வி பல ஏமாற்றங்களைத் தவிர்க்கும்.

அன்று பாயில் அமர்ந்து ஆடிய அண்ணன் தம்பிகள் இன்று ஒருவர் குருகிராமிலும், ஒருவர் பெங்களூரிலும், ஒருவர் கடல் கடந்தும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, பெற்றோரைக் காணவோ திருமணத்துக்கோ கூடுகிறார்கள். கூடியும், ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியைப் பார்த்தபடி பொழுது போவதைக் கண்டு முதியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. அடுத்த முறை கூடும்போது அந்தப் பழைய ஆட்டத்தை ஒரு மணி நேரம் எடுத்து வையுங்கள். பிள்ளைகளையும் ஒரு புறம் உட்கார வையுங்கள். பாறை ஏறும் கட்டம் வரும். தம் தந்தை மேலே ஏறாமல் நின்று, கீழே தவறித் தவறி வரும் சித்தப்பாவுக்காகக் காத்திருப்பதை அந்தக் குழந்தைகள் பார்க்கட்டும். அதற்கு விளக்கம் ஒன்றும் சொல்லவேண்டாம். அவர்கள் கை தானாக நீளும்.